கோட்டுக்கு ஏற்ற பிள்ளை

ஹட்டனில் ஆண்டியப்ப முதலாளியின் கடைக்கு மேல்மாடியில் ஒரு சபை இருந்தது. மலைநாட்டுத் தோட்டப் பிள்ளைகள் கல்லூரிக் கல்வி உபகார சபை என்று பெயர். அந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் கொட்டகலைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சிலர் கேலி செய்வார்கள். வீண் பழி. நான் சொல்லிப் பார்த்திருக்கிறேன்; ரயில் சிங்கமலைச் சுரங்கத்தைக்கூடத் தாண்டவில்லை.

சபைக்குத் தலைவர் ஆண்டியப்ப முதலாளி. கீழே கடையில் அரிசியையும் துணியையும் கடனுக்குக் கொடுப்பார். மாடி ஏறி வந்துவிட்டால் கல்வியை இலவசமாகக் கொடுப்பார். செயலாளர் றோலண்ட் ஐயா. ஒரு தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சபை தொடங்கிய முதல் வருஷம் ஊரெல்லாம் வசூல் செய்த பணத்தை இருவரும் ஒரு நல்ல காரியத்தில் போட்டார்கள். நுவரெலியாவில் துரைமார்களுக்குத் தைக்கிற தையல்காரரிடம் கொடுத்து ஒரு கோட்டுத் தைத்தார்கள். கருஞ்சிவப்புக் கம்பளித் துணி, பித்தளைப் பொத்தான்கள். நெஞ்சுப் பக்கம் விரிந்த புத்தகம் ஒன்று, அதன்மேல் தேயிலையின் இரண்டு இலையும் ஒரு மொட்டும். உபகாரம் பெறுகிற பிள்ளை அதைப் போட்டுக்கொண்டு மேடையில் நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டத்தான் பணம் மிஞ்சவில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இது நடந்தது ஐம்பத்து மூன்றாம் ஆண்டு. தலவாக்கலைக்கு மேலே கல்லுமலைத் தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்த பழனியாண்டிக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கவ்வாத்துக் கத்தியும் ஒரே ஒரு கேள்வியும்தான். யார் எதைக் கொடுத்தாலும், "இத எதுல புடிப்பீங்க?" என்று கேட்பார். அதில் ஒரு தப்பும் இல்லை. தோட்டத்தில் அரிசி கொடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். கம்பளி கொடுத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள். மாரியம்மன் திருவிழா வந்தால் மாரியம்மனுக்கும் சம்பளத்தில்தான் பிடிப்பார்கள். நாகலெட்சுமி பிறந்தபோது மருத்துவச்சி பிள்ளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்த நேரத்திலும் மனுசன் வாய் தவறி அதைத்தான் கேட்டார் என்று அவர் பெண்சாதி காளியாயி சொல்லிக் காட்டுவாள்.

கடன் என்றால் பழனியாண்டிக்குக் குலை நடுங்கும். அவருடைய அப்பனை உடப்புசல்லாவையிலிருந்து இந்தத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தது ஒரு துண்டு. அந்தக் காலத்தில் ஆளின் கடனை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிவைப்பார்கள். எந்தத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டுகிறதோ ஆள் அந்தத் தோட்டத்துக்கு. பிறகு சட்டம் வந்து துண்டை ஒழித்தது. அப்பன் அதற்கு முன்பே செத்துப்போனார். மகனுக்கு அவர் விட்டுப்போனது ஒரு வெற்றிலைப் பையும் இந்தப் பயமும்தான்.

நாகலெட்சுமி தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பை முடித்தாள். அதற்குமேல் அங்கே வகுப்பு கிடையாது. அதனால் ஐந்தாம் வகுப்பையே இன்னொரு தடவை முடித்தாள். ஜோர்ஜ் மாஸ்டர் பழனியாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"மூணாந்தடவையும் இங்க ஒக்காந்தான்னா நான்தான் அவகிட்ட பாடம் கேக்கணும். எங்கயாவது ஒரு காலேஜுல சேத்து வுடுங்க."

பழனியாண்டி காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகாமல் சில நாள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு காலேஜ் தேடினார். நுவரெலியாவில் ஒரு காலேஜில் பியானோவுக்குத் தனிக் கட்டணம், டென்னிசுக்குத் தனிக் கட்டணம் என்றார்கள். பிள்ளை சாப்பிடுவதற்கு முள்ளும் கத்தியும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்றார்கள். கத்தி இருக்கிறது, கவ்வாத்துக் கத்தி என்றார் இவர். வாசலைக் காட்டினார்கள். ஹட்டனில் ஒரு காலேஜில் கட்டட நிதி கேட்டார்கள். கட்டடம் எங்கே என்று கேட்டதற்கு, நீங்கள் கொடுத்த பிறகு கட்டுவோம் என்று வெட்டவெளியைக் காட்டினார்கள்.

கடைசியில் தலவாக்கலையிலேயே ஒரு சின்னக் காலேஜ் அகப்பட்டது. அதை நடத்திய சிஸ்டர் பவுலின் நாகலெட்சுமியை வாசிக்கச் சொல்லி, கணக்குப் போடச் சொல்லிப் பார்த்தார்.

"போர்டிங் ஒண்ணும் வேணாம். காலையில நடந்து வரட்டும், அந்திக்கு நடந்து போகட்டும். ஒரு வருசத்துக் கட்டணத்த மொத்தமா கட்டுனீங்கன்னா பாதிதான் வாங்குவேன். தை மாசம் தொறக்குறோம். எடம் வச்சிருக்கேன், கூட்டிக்கிட்டு வாங்க."

பழனியாண்டி கணக்குப் பார்த்தார். வீட்டில் ஒரு செவலைப் பசு இருந்தது, கன்றுக்குட்டியோடு. இரண்டையும் விற்றால் அந்தக் கட்டணம் சரியாக வரும். ஒருத்தனுக்கும் கடன்படத் தேவையில்லை. மாட்டுக்கு ஆளும் பேசி முடித்தாகிவிட்டது. கதை இந்த இடத்தில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வாரம் பார்த்தா இலவசம் வந்து சேர வேண்டும்!

ஹட்டன் சபை ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்துக் கல்லூரிப் படிப்பு முழுவதையும் இலவசமாகக் கொடுக்கப் போகிறது என்று தோட்டம் தோட்டமாகச் செய்தி வந்தது.

"சும்மா கெடைக்கிறத வுட்டுப்புட்டு எவளாவது பால் மாட்ட விப்பாளா?" என்றாள் காளியாயி. பழனியாண்டிக்கும் அது நியாயமாகப் பட்டது. மாடு வாங்க வந்தவனைத் திருப்பி அனுப்பினார்கள்.

சபையில் பரீட்சை நடந்தது. வந்த பிள்ளைகளெல்லாம் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினார்கள். றோலண்ட் ஐயா விடைத்தாள்களைச் சேகரித்து, சணல் கயிற்றால் கட்டி, அலமாரிக்கு மேலே போட்டார். திருத்துவதற்குச் சபையில் ஆள் கிடையாது. பிறகு அலமாரியைத் திறந்து கோட்டை எடுத்தார்.

"வரிசையா வாங்க. ஒவ்வொருத்தரா போட்டுப் பாப்போம்."

ஒரு பிள்ளைக்குக் கை தொங்கியது, தள்ளுபடி. ஒரு பிள்ளைக்கு வயிற்றுப் பொத்தான் பூட்டவில்லை, தள்ளுபடி. கெட்டிக்காரப் பையன் என்று பெயரெடுத்த ஒருவன் தோள் ஒடுங்கியிருந்ததால் அழுதுகொண்டு போனான். நாகலெட்சுமி போட்டாள். தையல்காரன் இவளை வைத்துத் தைத்த மாதிரி இருந்தது. றோலண்ட் ஐயாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதுதான் தகுதி!" என்றார். "இந்த ரெண்டு வருசமா ஒரு தகுதியான பிள்ள கெடைக்கலையேன்னு தலைவர் எவ்வளவு வேதனப்பட்டாரு தெரியுமா?"

பழனியாண்டி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "சந்தோசமுங்க. இத எதுல புடிப்பீங்க?"

றோலண்ட் ஐயாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "இலவசம்யா! தர்மம்! தர்மத்துல புடிப்பாங்களா? நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணு. நன்றி. அது இருந்தா போதும்."

நன்றிதானே என்று பழனியாண்டி நினைத்தார். அது வீட்டில் நிறைய இருந்தது.

சபைக்கு ஊருக்கு ஊர் கிளை இருந்தது; ஒவ்வொன்றிலும் பிள்ளை நன்றி சொல்ல வேண்டும். முதல் நன்றிக் கூட்டம் தலவாக்கலைக் கிளையில். நாகலெட்சுமிக்கு மேடையில் கோட்டுப் போட்டார்கள், படம் பிடித்தார்கள், கைதட்டினார்கள், கோட்டைக் கழற்றி மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள். ஏன் கழற்றுகிறீர்கள் என்று கேட்டாள் அவள். கோட்டு சபைக்கு, கௌரவம்தான் உனக்கு என்று றோலண்ட் ஐயா விளக்கினார். தலைவருக்கு, செயலாளருக்கு, செயலாளரின் பெண்சாதி டோரீன் அம்மாவுக்கு ஆளுக்கொரு மாலை. வரவேற்கத் தப்பு மேளச் செட்டு. வந்தவர்களுக்குத் தேத்தண்ணியும் பலகாரமும். எல்லாம் பிள்ளையைப் பெற்றவர்கள் பொறுப்பு. மாலைகூடப் போடாத நன்றியை நன்றி என்று எப்படி அடையாளம் கண்டுகொள்வது?

அந்தக் கூட்டத்தோடு கன்றுக்குட்டி போயிற்று.

தை பிறந்தது. காலேஜ் திறந்தது. கட்டணம் எப்போது கட்டுவீர்கள் என்று பழனியாண்டி கேட்டதற்கு, எல்லாக் கிளைகளும் பிள்ளையைப் பார்த்த பிறகுதான் பொதுக்கூட்டம், பொதுக்கூட்டத்தில்தான் தீர்மானம், தீர்மானத்துக்குப் பிறகுதான் கட்டணம் என்றார்கள். சிஸ்டர் பவுலினிடம் போய்த் தலையைச் சொறிந்தார். "ஈஸ்டர் லீவு வரைக்கும் வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது" என்றார் அவர்.

உடப்புசல்லாவைக் கூட்டத்துக்குப் பால் காசு போனது. நோட்டன் பிரிட்ஜ் கூட்டத்துக்குப் பசுவே போனது. அன்றைக்கு நல்ல மழை. மேடைக்குப் போகும் வழியெல்லாம் றோலண்ட் ஐயா கோட்டுப் பெட்டிக்குக் குடை பிடித்துக்கொண்டு நடந்தார். நாகலெட்சுமி பின்னால் நனைந்துகொண்டு வந்தாள். மேடையில் அவளைத் துடைத்து, கோட்டை மாட்டி, அதன்பிறகு அவளுக்கும் குடை பிடித்தார்கள். சபை பாரபட்சம் பார்த்தது என்று யாரும் சொல்ல முடியாது. கோட்டுக்குள் இருந்த நேரமெல்லாம் அவள்மேல் ஒரு சொட்டு விழவில்லை.

அங்கேதான் டோரீன் அம்மா கவனித்தார். கோட்டுக் கைக்கு வெளியே மணிக்கட்டு தெரிந்தது.

"றோலண்ட்! பிள்ள வளருது!"

சபை அவசரமாகக் கூடியது. வளரக்கூடாது என்று முதலிலேயே சொல்லாதது யார் பிழை என்று நீண்ட நேரம் வாதாடினார்கள். கடைசியில் டோரீன் அம்மாவையே கல்லுமலையில் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு அனுப்பினார்கள். ஒற்றை அறைக் காம்பராவுக்குள் குனிந்து வந்து, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்த்தார்.

"ராவைக்கி என்ன குடுக்குறீங்க?"

"ரெண்டு ரொட்டிங்கம்மா" என்றாள் காளியாயி.

"அதான் பாத்தேன். ஒண்ணு போதும். பால் கீல் குடுத்துறாதீங்க."

"மாடே போயிருச்சுங்களே."

"நல்லதாப் போச்சு. பொதுக்கூட்டம் வரைக்கும் கொஞ்சம் கட்டுப்பாடா இருங்க. படிப்புன்னா சும்மாவா? தியாகம் செய்யணும்."

அன்றிலிருந்து நாகலெட்சுமிக்கு இரவில் ஒரு ரொட்டி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அரை ரொட்டி தின்றால் இன்னும் சீக்கிரம் காலேஜுக்குப் போகலாமா என்றுமட்டும் ஒருநாள் கேட்டாள். காளியாயி அடுப்பை ஊதுகிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பழனியாண்டி மகளின் தட்டைப் பார்த்தபடி இருந்தார். இதிலேதான் பிடிக்கிறார்களோ என்று அவருக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது. எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் பிள்ளை சும்மா வளரத்தான் செய்தாள். ஒரு ரொட்டியிலும் வளர்ந்தாள்.

ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு ஹட்டனில் பொதுக்கூட்டம். மாலைகளுக்காகக் காளியாயியின் தோடு ஆண்டியப்ப முதலாளியின் கடைக்கே அடகுக்குப் போனது. முதலாளி அதை வாங்கி வைத்துக்கொண்டு, காசைக் கொடுத்துவிட்டு, மாடி ஏறி மாலையை வாங்கிக்கொண்டார். பிறகு பேசினார்.

"பெரியோர்களே! இந்த மக்கள் எந்த நாட்டுக்காரர் என்று இந்த நாடும் இன்னும் சொல்லவில்லை, கடலுக்கு அப்பால் இருக்கிற அந்த நாடும் இன்னும் சொல்லவில்லை. ஆனால் நன்றியுள்ளவர்கள் என்று நான் சொல்கிறேன்! கடன் வாங்காதவர்கள் ஒரு லயத்தில்கூட இல்லை. என் கடைப் புத்தகம் சாட்சி. அந்த அனுபவத்தில் ஒன்று சொல்வேன். அரிசிக்குக் கடன் வாங்குங்கள். கல்யாணத்துக்கு வாங்குங்கள். சாவுக்குக்கூட வாங்குங்கள், பரவாயில்லை. கல்விக்கு மட்டும் கடன் வாங்காதீர்கள்! கல்விக்குக் கடன் வாங்கினவன் படித்துவிடுகிறான். படித்தவன் என்ன செய்கிறான்? வட்டியைக் கூட்டிப் பார்க்கிறான்! குடும்பங்கள் இப்படிக் கெட்டுப்போகக் கூடாது என்றுதான் இந்தச் சபை."

கைதட்டல் ஓய வெகு நேரமாயிற்று. கடன்பட்டவர்கள்தான் ரொம்பப் பலமாகத் தட்டினார்கள்.

நாகலெட்சுமியைக் கோட்டுக்குள் இறக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி டோரீன் அம்மா பொத்தானைப் பூட்டினார். அவள் மூச்சு விடாமல் மேடைக்கு நடந்தாள். மனப்பாடம் செய்த நன்றியுரையை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். ஜோர்ஜ் மாஸ்டர் பின்வரிசையில் இருந்து தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்தது; இனித் தீர்மானம் ஒன்றுதான் பாக்கி. சிஸ்டர் பவுலின் காலேஜுக்கு நாளைக்கே போகலாம்.

அவள் தலைவரைப் பார்த்துக் கைகூப்பினாள்.

"நெஞ்சுக்கு நேரா கும்புட்டா என்னா அர்த்தம்?" என்று றோலண்ட் ஐயா பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தலைவரு சும்மாவா ஒக்காந்திருக்காரு? தலைக்கு மேல தூக்கு!"

அவள் கொஞ்சம் தூக்கினாள்.

"இன்னும் மேல!"

நாகலெட்சுமி காலேஜை நினைத்துக்கொண்டு, கையைத் தலைக்கு மேலே முழுசாகத் தூக்கினாள். டர்ர்ரென்று ஒரு சத்தம். கோட்டு இரண்டு கக்கத்திலும் கிழிந்து, முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை பிளந்துகொண்டது. ஒரு பித்தளைப் பொத்தான் தெறித்துப் போய்த் தலைவரின் மாலைக்குள் விழுந்தது.

அவள் கையை இறக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தூக்கியபடியே நின்றாள்.

சபை மறுநாளே விசாரணை வைத்தது. நன்றியை அளவுக்கு மீறிக் காட்டி, சபையின் சொத்தை அழித்தது குற்றம் என்று முடிவாயிற்று. உபகாரம் ரத்து. கோட்டின் விலை என்ன என்று பேச்சு வந்தபோது, அது விலைமதிப்பில்லாதது என்று றோலண்ட் ஐயா சொன்னார். விலைமதிப்பில்லாததற்கு எவ்வளவு வாங்குவது என்று சபை குழம்பியது. தலைவர் பெருந்தன்மையோடு தீர்த்துவைத்தார். நுவரெலியாத் தையல்காரனுக்கு அவரே பணம் கொடுத்துவிடுவாராம். பழனியாண்டி அதை அவருக்கு மெதுவாகக் கட்டினால் போதுமாம். வட்டி கடை வழக்கப்படி.

பழனியாண்டியின் கக்கத்துத் துண்டு தரையில் விழுந்து கிடந்தது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

"என்னா பழனியாண்டி, எந்நேரமும் ஒரு கேள்வி கேப்பீங்களே! இப்பக் கேளுங்க!" என்றார் றோலண்ட் ஐயா.

அவர் கேட்கவில்லை. நாகலெட்சுமிதான் கேட்டாள்.

"எதுல புடிப்பீங்க?"

"அப்பாவோட சம்பளத்துல ஏற்கெனவே எடமில்ல. அதனால ஒஞ் சம்பளத்துல புடிப்போம்மா."

"எனக்குச் சம்பளம் இல்லையே, ஐயா."

"அதுக்கு என்னா? ஒனக்குப் பன்னண்டு வயசு முடிஞ்சிருச்சு. தோட்டத்துக் கண்டாக்கையாகிட்ட சொல்லி, கொழுந்து பறிக்க ஒன் பேரப் பதிஞ்சிரச் சொல்றேன். அது நான் செய்யிற ஒதவி. அதுக்கு மால கீல ஒண்ணும் வேணாம்."

அந்த வருஷச் சபை அறிக்கையில், தோட்டத்துப் பிள்ளை ஒருவருக்கு உத்தியோகம் பெற்றுக் கொடுத்ததாக எழுதியிருந்தது. தையல்காரர் கிழிந்த இடங்களை வெட்டிவிட்டுத் தைத்ததில் கோட்டு ஒரு சுற்றுச் சிறுத்துவிட்டது. இனி இன்னும் சின்னப் பிள்ளையாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு காலையில் கல்லுமலைப் பெரட்டுக் களத்தில் கம்பளி கொடுத்தார்கள். புதுசாகப் பேர் பதிந்தவர்களுக்கும் உண்டு. மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா நாகலெட்சுமியைக் கூப்பிட்டு, மழைக்குத் தலையோடு போர்த்துகிற ஒரு கறுப்புக் கம்பளியைக் கையில் போட்டார். பழனியாண்டி வரிசையில் இருந்து தள்ளி நின்று, பழக்க தோஷத்தில் கேட்டார்.

"இத எதுல புடிப்பீங்க?"

"என்னாய்யா கேள்வி இது? சம்பளத்துலதான். ஆறு மாசத்துல கழிஞ்சிரும்."

பழனியாண்டி அந்த மனுசனைப் பார்த்துக் கைகூப்பினார். "நீங்க நல்லா இருக்கணுங்க" என்றார். கண்டாக்கையாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

நாகலெட்சுமி கம்பளியைத் தலையில் போட்டுப் பார்த்தாள். பெரியதாகவும் இல்லை, சின்னதாகவும் இல்லை.

"அப்பா, அந்திக்கு இதத் திருப்பிக் குடுக்கணுமா?"

"வேணாந்தாயி. இது ஒனக்குத்தான்."

அவள் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். தேயிலை நிரையில் நின்று முதல் பிடிக் கொழுந்தைக் கிள்ளி, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, முதுகுக் கூடைக்குள் போட்டாள். எதுவும் கிழியவில்லை.